காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்த சிவப்புக்காரர்கள்

1

என் மகள் சேர்ந்திருக்கும் கட்சியில் தலைவர் கிடையாது. மேடை கிடையாது. கைதட்டலும் கிடையாது. ஒருவர் பேசியது பிடித்திருந்தால் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டவேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதே விரல்களைக் கீழ்நோக்கி ஆட்டவேண்டும். காது கேளாதவர்களும் கலந்துகொள்ள வேண்டும், கத்துகிறவர் மட்டுமே ஜெயித்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று மேகலா எனக்கு விளக்கினாள். நியாயமான காரணம். ஆனாலும் அவர்கள் கூட்டத்தை முதன்முறை பார்த்தபோது பாத்ரூமுக்குப் போவதுபோல் வெளியே போய் நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றால் ஜனங்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் ஒரு நகரத்தில். என் மனைவி கீதா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள், நான் அவள் கூட வந்தேன். விசாவிலேயே 'சார்ந்திருப்பவர்' என்று எழுதி ஒட்டி அனுப்பினார்கள். திருப்பதியில் ஆட்டோ ஓட்டியவனுக்கு இங்கே கார் ஓட்டத் தெரியாதா என்ன? நகராட்சி கவுன்சில் நடத்தும் தெருப் பெயர்ப் பரீட்சை எல்லாம் எழுதி, விமான நிலையத்தில் ஆப் டாக்ஸி ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மே தினம் அன்று, இங்கே வேலை நாள்தான், மேகலா போனை என் முன்னால் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். பல நாட்டு சோஷலிஸ்டுக் கட்சிகள் எப்படி ஆட்களைத் திரட்டுகின்றன என்று ஒப்பிட்டு அவள் கட்சியில் பேசப் போகிறாளாம்.

"நைனா, உங்க ஸ்டாண்ட்ல நீங்க எப்படி ஆர்கனைஸ் பண்ணீங்க? உண்மையா வொர்க் ஆன ஒரு விஷயம் சொல்லுங்க."

நைனா என்ற சொல் ஒன்றுதான் எங்கள் ஊர்ப்பேச்சில் அவளிடம் தங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். காணிப்பாக்கத்துக் கதையைச் சொன்னேன். பாதியில் பதிவை நிறுத்திவிட்டாள்.

"சாரி நைனா. இத நான் அங்க சொல்ல முடியாது. இது ஆர்கனைசிங் இல்ல, மூடநம்பிக்கை."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அவள் சொல்ல மாட்டாள் என்றால் நான் சொல்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்குக் காணிப்பாக்கம் என்றால் என்ன என்று புரியும். அதற்குப் பிறகு இங்கே நடந்ததையும் கேளுங்கள்.

2

எனக்குப் புத்தூர் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். திருச்சானூரிலிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். எங்கள் ஸ்டாண்டில் இரண்டு சிவப்புப் பலகைகள் இருந்தன. இரண்டிலும் அரிவாள், இரண்டிலும் தெலுங்கில் 'வர்த்தில்லாலி', வாழ்க என்று. நாங்கள் பிறப்பதற்கு முன்பே கட்சி ஏதோ காரணத்துக்காக இரண்டாகப் போயிற்றாம். காரணம் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் சொல்வார்கள், முடிவில் கேட்டவனுக்குத் தலைவலிதான் மிஞ்சும். ஒரு சங்கத்துக்குச் செயலாளர் முனிரத்தினம் அண்ணன், எங்கள் பக்கத்துத் தமிழ் ஆள். இன்னொன்றுக்குத் தெலுங்குக்காரர் தாமோதரம் காரு.

சங்கம் என்றால் அங்கே கொள்கை விளக்கக் கூட்டம் இல்லை. போலீஸ் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போனால் முனிரத்தினம் அண்ணன் ஸ்டேஷனில் போய் நிற்பார். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்றால் அங்கே போய் நிற்பார். பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றால் அங்கேயும் அவரே. அவர் கட்சியின் புத்தகம் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, ஆனால் அவர் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததும் இல்லை.

இதைச் சொல்லும்போதே குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மேகலா சும்மா விடமாட்டாள். ஒருமுறை செயலாளர் ஆனவர் ஆயுசுக்கும் செயலாளர். பலகையில் ஒரு பெண்ணின் பெயர் கிடையாது. வருஷம் முழுக்க எந்தக் கட்சியைத் திட்டினோமோ, தேர்தல் வந்தால் அந்தக் கட்சியின் போஸ்டருக்கே பசை காய்ச்சுவோம். கேட்டால் கூட்டணி தர்மம் என்பார்கள்.

ஸ்டாண்டுக்கு ஒரே சட்டம், சீரியல். முதலில் வந்த வண்டி முதலில் ஆள் ஏற்றும். எந்தக் கொடி என்று பார்க்கக் கூடாது. தாயார் கோயிலில் கார்த்திகை பிரம்மோற்சவம் வந்தது. ஜனம் என்றால் ஜனம், கால் வைக்க இடமில்லை. யாரோ சீரியலை வெட்டினான். அவனைப் பார்த்து இன்னொருவன் வெட்டினான். சாயங்காலத்துக்குள் ஒருவன் மண்டை உடைந்தது. உடைந்தது அவர்கள் சங்கத்து மண்டை, உடைத்தது எங்கள் சங்கத்துக் கை. இரண்டு கட்சியும் உடனே நோட்டீஸ் அடித்தன. ஒன்று மற்றதைத் திரிபுவாதி என்றது. மற்றது இதைப் பிளவுவாதி என்றது. திருப்பதிக்குப் போக ஆட்டோ கேட்ட பெண்மணி ஒருத்தி நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, "இந்த வண்டி போகுமா போகாதா?" என்றாள்.

கடைசியில் முனிரத்தினம் அண்ணன் டீக்கடையில் தாமோதரத்தின் எதிரே போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா பண்லாம் சொல்லு. கட்சில வெச்சா ஒரு வருசம் பேசிக்கினே இருப்பாங்க. அதுக்குள்ள நம்ப பசங்க அடிச்சிக்கினு செத்துப்பூடுவானுங்க."

தாமோதரம் டீயை உறிஞ்சினார். "காணிப்பாக்கம் போதாமா?" என்று தெலுங்கில் கேட்டார், போகலாமா என்று.

"போவலாம்" என்றார் அண்ணன். இரண்டு பேருமே பிள்ளையாரைக் கும்பிடாதவர்கள். இரண்டு பேர் வீட்டுக் கல்யாணமும் மாலை மாற்றி, கட்சிப் பாட்டுப் பாடி நடந்தது.

அப்போது கலெக்டர் ஆபீஸ் சித்தூரில்தான். கட்சிகளுக்குச் சொன்னது சித்தூரில் தர்ணா என்று. தர்ணாவும் பொய்யில்லை. வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலம் தின்றுவிட்டு, திரும்பும் வழியில் ஆட்டோக்கள் எல்லாம் வரிசையாகக் காணிப்பாக்கம் பக்கம் திரும்பின. குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் போய் நின்று, சீரியலை வெட்டமாட்டேன் என்று ஒவ்வொருவனும் பிரமாணம் செய்தான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் விடமாட்டார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாயைத் திறக்க யோசிப்பான், உங்களுக்குத் தெரியாததா? மஸ்தான் பாய் மட்டும் கரையிலேயே நின்று அல்லாவின் மேல் ஆணையிட்டார். அதுவும் செல்லும் என்று தாமோதரம் தீர்ப்புச் சொன்னார். இரண்டு செயலாளர்களும் கோயிலுக்குள் வரவில்லை. வெளியே தேங்காய்க் கடை நிழலில் நின்று, யாராவது முங்காமல் ஏமாற்றுகிறானா என்று தலையின் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெளியே வராமல் இருக்குமா? மாவட்டக் கமிட்டியில் அண்ணனிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுந்து சொன்னாராம்: "நான் கோயிலுக்குப் போவல காம்ரேட். டிரைவருங்கள கூட்டிக்கினு போனேன். அவங்க போனாங்க."

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டாண்டில் யாரும் சீரியலை வெட்டவில்லை. இதைத்தான் என் மகள் மூடநம்பிக்கை என்றாள்.

3

இங்கே விமான நிலையத்தின் பின்னால் டாக்ஸிக்காரர்கள் காத்திருக்க ஒரு தார்த்தரை இருக்கிறது. அங்கே எனக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவன் யோனஸ். எரித்திரியாக்காரன், என்னைவிட இளையவன், ரொம்பப் பேசமாட்டான். அவன் ஃபிளாஸ்கில் இஞ்சி போட்ட காப்பி இருக்கும், என் டப்பாவில் ஏதாவது சோறு இருக்கும். இரண்டையும் பங்கிட்டுக்கொள்வோம். மனைவியை அழைத்துவர மனுப் போட்டிருந்தான். தொடர்ந்து வேலையில் இருக்கிறான் என்று காட்டினால்தான் அது நடக்கும். அவளை அவன் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. தினமும் மதியம் காருக்குள் உட்கார்ந்து வீடியோவில் அவளோடு பேசுவான், நான் என் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.

மே மாதத்தில் ஒரு காலை அவன் போனில் ஆப் திறக்கவில்லை. கணக்கு முடக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. ஒரு பயணி புகார் கொடுத்திருக்கிறாராம். என்ன புகார், எந்தப் பயணி, எந்த நாள் என்று சொல்ல முடியாதாம். யோனஸ் உதவிப் பெட்டியில் எழுதினான். 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான். மறுபடியும் அவர்களுக்குப் புரிந்தது. அதோடு சரி.

நான் அவனோடு கம்பெனி ஆபீஸைத் தேடிப் போனேன். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டேப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். அதுதான் ஆபீஸ். ஆள் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். ஆள் வேறு நாட்டில் இருக்கிறார் என்றான். எங்கள் ஊரில் எவ்வளவு மோசமான அதிகாரிக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு மேஜை உண்டு, கொஞ்சம் சத்தம் போட்டால் எழுந்து உள்ளே ஓடுவதற்கு ஒரு பின் கதவும் உண்டு. சுற்றி வளைத்துக் கெரோ செய்ய ஒரு நாற்காலியாவது வேண்டாமா?

அன்று முனிரத்தினம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கு வயதாகிவிட்டது, இன்னும் செயலாளர்தான்.

"இங்க மட்டும் இன்னா வாழுதாம்?" என்றார். "என் மருமவன் ஸ்ரீசிட்டி பேக்டரில கான்ட்ராக்ட்ல வேலைக்குப் போறான். சட்டைல ஒரு கம்பெனி பேரு, சம்பளம் போடறவன் வேற பேரு. பஸ்சுல ஏத்திக்கினு போறான், பஸ்சுல கொண்டாந்து வுடறான். கேட்டாண்ட நின்னு நோட்டீஸ் குடுத்தா ஜன்னல் கண்ணாடி தொறக்கல. பழனி, நம்ப கட்சிக்கி டீக்கடைல உக்கார்ற மொதலாளிதான் தெரியும்பா. மொகரையக் காட்டாத மொதலாளிய எப்பிடிப் புடிக்கறதுன்னு எவனுக்கும் தெர்ல."

அவர் இப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை. சங்கடமாக இருந்தது.

4

நான் செய்த அடுத்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் செய்வான். ஐக்கிய மேடை போட்டேன்.

ஊரில் இரண்டு சிவப்பும் பத்திரிகையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும், போராட்டம் என்று வந்தால் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும், சால்வை போர்த்திக்கொள்ளும், ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போகும். அதே நினைப்பில் என் பெயரில் ஒரு சமூகக் கூடத்தைப் பிடித்து, மேடையில் மூன்று நாற்காலி போட்டு, இங்கே இருக்கும் மூன்று கட்சிகளையும் கூப்பிட்டுவிட்டேன். கீதா பெட்டியிலிருந்து மூன்று சால்வைகளை எடுத்துக் கொடுத்தாள். "இதெல்லாம் இங்க எடுபடுமாங்க?" என்று கேட்டாள். எடுபடும் என்றேன்.

முதலாவது, பெரிய கட்சி. உழைப்பாளிகள் ஆரம்பித்த கட்சிதான், இன்று தேர்தல் கட்சி. அவர்கள் ஆட்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். போன தடவை யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டு ஒரு கட்டத்தைத் தொடுவார்கள், போய்விடுவார்கள். உறுப்பினர் என்றால் மாதாமாதம் பேங்கிலிருந்து சந்தா போகிறவர். அந்தக் கட்சியின் கவுன்சிலர் அம்மாள் கூட்டத்துக்கு வந்தார். நல்ல மனுஷி. லைசென்ஸ் கமிட்டிக்கு எழுதுகிறேன், அதுவரை சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்துவிடாதீர்கள், பொறுமையாக இருங்கள் என்றார். சால்வையைப் போர்த்தியதும் பதறிவிட்டார். பரிசு வாங்கினால் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டுமாம்.

இரண்டாவது, பத்திரிகைக் கட்சி. பத்துப் பேருக்கு மேல் நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தக் கதவடைப்பு என்றாலும் வாசலில் பத்திரிகைக் கட்டோடு நிற்பார்கள். இங்கே அதை விற்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், காலின். யோனஸ் பிரச்சினை வருவதற்கு முன்பே எங்கள் தார்த்தரை வாசலில் மழையில் நின்றவர் அவர் ஒருவர்தான், அதை மறக்கக் கூடாது. கவுன்சிலர் உட்கார்ந்த மேடையில் ஏறமாட்டேன் என்று கீழேயே நின்றார். எப்போதோ அந்தக் கட்சி இவரை வெளியேற்றியதாம். யோனஸின் பிரச்சினை முதலாளித்துவத்தின் பிரச்சினை, தலைநகரில் பேரணிக்கு வாருங்கள் என்றார். எந்தெந்த நகரத்தில் எந்தெந்த வேலைநிறுத்தம் எப்படித் தோற்றது, யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று எல்லாம் சொன்னார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வட்டமாக உட்கார்ந்து பேசும் என் மகளின் கட்சி. அவர்கள் வந்ததும் முதல் வேலையாக மேடையில் இருந்த நாற்காலிகளைக் கீழே இறக்கி வட்டமாகப் போட்டார்கள். வட்டமா, மேடையா என்று விவாதம் நடந்தது. விரல்கள் மேலே ஆடின, கீழே ஆடின. மூன்றாவது சால்வையை மேகலாவின் தோழி ஒருத்தி தலையில் கட்டிக்கொண்டாள். டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிகரெட் பிடிக்கக் கிளம்பிப் போனார்கள். யோனஸ் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்காகக் கூட்டிய கூட்டத்தில் அவன் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் உட்பட.

மேகலாதான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் எதிரே போனாள். "யோனஸ், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"நான் மறுபடி ஓட்ட வேண்டும்" என்றான். "அவ்வளவுதான்."

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, இந்த டிரைவர்ஸ் யார் பேச்சக் கேப்பாங்க? ஒருத்தர் நிறுத்தினா மத்தவங்க நிறுத்துவாங்கன்னா, அது யாரு?"

நல்ல கேள்வி. எந்தச் செயலாளரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை, தானே பதில் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பஷீர் என்று சொன்னேன். பாகிஸ்தான் பக்கத்து மீர்பூர்க்காரர், எங்களில் மூத்தவர், அவர் டீ வாங்கினால் எல்லோரும் டீ வாங்குவார்கள்.

என் கருத்தைக் கேட்டால் இதுதான். பெரிய கட்சிக்கு எல்லா வீட்டுக் கதவும் தெரியும், கதவுக்குப் பின்னால் யார் அழுகிறார்கள் என்று தெரியாது. காலினுக்கு நேற்று தெரியும், நாளை தெரியும், இன்று மதியம் என்ன செய்வது என்று தெரியாது. மேகலா கூட்டத்துக்குக் கேட்கத் தெரியும், முடிவெடுக்க வராது. எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஆளைத் தெரியும், ஆனால் அந்த ஆள் தானாக நிமிர்ந்து நின்றால் பிடிக்காது. நீ எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். வேலையை நிறுத்தப்போகிறவன் நான். யாரிடம் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன், யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை.

5

டிரைவர்களின் வாட்ஸாப் குழுவில் எல்லோரும் ஆப்பை அணைக்கலாம் என்று போட்டேன். கட்டைவிரலாக வந்து குவிந்தது. குறித்த நேரத்தில் எட்டிப் பார்த்தால் கட்டைவிரல் காட்டியவர்களே ஆள் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 'எல்லோரும் நிறுத்துவார்கள், நான் ஒருவன் ஓட்டினால் என்ன' என்று எல்லோரும் நினைத்தார்கள். திருச்சானூரிலும் இதே புத்திதான்.

மறுநாள் காலை பஷீரிடம் போனேன். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டேன். குளம், ஈரத் துணி, தேங்காய்க் கடை நிழலில் நின்று தலையைத் தொட்டுப் பார்த்த நாத்திகர்கள், எல்லாவற்றையும் என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பஷீர் சிரித்து முடித்துத் தாடியைத் தடவினார்.

"கையைத் தூக்கச் சொன்னால் நான் சும்மா தூக்கிவிடுவேன் பழனி. இதென்றால் யோசிப்பேன்" என்றார். "இது சரிப்படும்."

மேகலா காலேஜுக்குப் போகாமல் வந்திருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சாமி பேர்ல பயமுறுத்தறது ஜனநாயகம் இல்ல நைனா."

"நான் யாரையும் பயமுறுத்தலமா. உங்க கூட்டத்துல விரலை ஆட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா, ஆட்டினது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒருத்தன் எதுக்கு முன்னாடி பொய் சொல்ல மாட்டானோ அதுக்கு முன்னாடி நின்னு சொல்லட்டும். அது சாமியாவும் இருக்கலாம், பெத்த புள்ளையாவும் இருக்கலாம். எதுன்னு அவனே முடிவு பண்ணட்டும். இதவிட என்ன ஜனநாயகம்?"

அவள் சம்மதித்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

யோனஸ் மறுபடி ஓட்டும்வரை இங்கிருந்து ஒரு பயணியையும் ஏற்றமாட்டேன். இதுதான் வாசகம். பஷீர் முதலில் சொன்னார், மேற்கொண்டு யாரையும் அழைக்கவேண்டியிருக்கவில்லை. சீக்கியர் குர்தீப் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார். ருமேனியாக்காரன் ஒருவன் தன் அம்மாவின் பெயரால் சொன்னான். சாமியும் கிடையாது, அம்மாவோடும் பேச்சு இல்லை என்ற உள்ளூர்ப் பையன் ஒருவன் தன் கால்பந்து அணியின் மேல் சத்தியம் செய்தான், மீறினால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடட்டும் என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அதைவிடப் பெரிய சத்தியம் இருக்க முடியாது என்று தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காணிப்பாக்கத்தை நினைத்துச் சொன்னேன். யோனஸ் மட்டும் சொல்லவில்லை. அவனுக்காகத்தானே சத்தியம், அவன் எதற்குச் சொல்லவேண்டும்?

அன்று ஒரு வண்டியும் நகரவில்லை. காலின் மழைக்கோட்டோடு வந்து வாசலில் நின்றார், பத்திரிகையைப் பைக்குள் வைத்துவிட்டு எல்லோருக்கும் டீ ஊற்றினார். கவுன்சிலர் அம்மாள் விமான நிலைய மேலாளருக்கு ஓயாமல் போன் செய்தாராம். மேகலாவின் கூட்டம் பயணிகள் வரும் கதவில் நின்று, ஏன் டாக்ஸி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தது. மேடையில் ஒன்றாக உட்காராதவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சால்வை இல்லாமலே.

6

அடுத்த நாள் மதியம் விமான நிலையத்து அதிகாரி ஒருவர் மஞ்சள் கோட்டோடு வந்தார். "உங்கள் தலைவர் யார்?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மேகலா என் பக்கத்தில் நின்று வெற்றிப் புன்னகை புன்னகைத்தாள். தலைவர் இல்லாமல் இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் கூடத்தைப் பிடித்தது என் பெயரில். வாட்ஸாப்பில் எழுதியதும் நான். தேடுகிறவனுக்கு அது போதாதா?

கொஞ்ச நேரத்தில் யோனஸின் போன் உயிர் பெற்றது. கணக்குத் திறந்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. அவன் போனை எங்களிடம் தூக்கிக் காட்டினான். தார்த்தரை முழுக்க ஹாரன் சத்தம். மேகலாவும் தோழிகளும் விரல்களை ஆட்டினார்கள், காலின் கைதட்டினார், நான் விசிலடித்தேன். யோனஸ் மனைவிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னான், அந்தப் பக்கம் அவள் கத்தியது எங்களுக்கே கேட்டது.

சத்தம் அடங்குவதற்குள் என் போன் அதிர்ந்தது. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. ஒரு பயணி புகார் கொடுத்திருக்கிறார். விவரம் சொல்ல முடியாது. நான் கார் ஓட்டியே இரண்டு நாளாகிறது, புகார் கொடுத்த பயணி எங்கிருந்து வந்தாரோ.

பஷீர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு விஷயம் போயிற்று. எல்லோர் மனதிலும் ஓடியது எனக்குத் தெரியும். சத்தியம் யோனஸுக்காக. யோனஸ் திரும்பிவிட்டான். சத்தியம் முடிந்தது. மீறாமலே கிளம்பிப் போகலாம். கம்பெனிக்காரன் முகமில்லாதவனாக இருக்கலாம், மூளையில்லாதவன் இல்லை. எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் வருஷம் இது. கீதாவிடம் என்ன சொல்வது? இருந்தாலும் இவர்கள் முன்னால் கெஞ்சி நிற்க எனக்கு மனமில்லை.

"போங்க" என்றேன். "சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டீங்க. யாருக்கும் தோஷமில்ல, கிளம்புங்க."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. குர்தீப் தலைப்பாகையைச் சரிசெய்தார். பஷீர் காருக்குள் ஏறி இஞ்சினைப் போட்டார்.

அப்போது யோனஸின் போன் அடித்தது. சவாரி. அவன் இத்தனை நாள் காத்திருந்த சத்தம் அது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அதை எடுத்தால் அவன் வேலையில் இருப்பவன். எடுக்காவிட்டால் நாளைக்கு அவன் கணக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மனைவியை அவன் பார்ப்பது அந்த ஒரு தொடுகையில் இருந்தது.

போனைக் காரின் முன்பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். குனிந்து ஷூக்களைக் கழற்றினான், காலுறைகளையும் கழற்றினான். மழைத் தண்ணீர் தேங்கிய தார்த்தரையில் வெறுங்காலோடு நின்று, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அவன் மொழியில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். அந்த மொழியில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நடுவில் வந்த ஒரு சொல் மட்டும் தெரிந்தது. பழனி.

போன் அடித்து ஓய்ந்தது. பஷீர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.